கடைசி இருபது நிமிஷம்

பாட்டுக்காரர்களைப் பற்றிய படங்களை
தேவநேசன்தான் சொல்லுவார்.
அயனாவரத்துக்காரர், லிஃப்ட் மெக்கானிக்.
நான் புரசைவாக்கம் ஜவுளிக்கடையில் பில் கவுண்டர்.
திங்கள், புதன், வெள்ளி
காலை ஆறரைக்கு
கீழ்ப்பாக்கத்து ஆஸ்பத்திரி இரண்டாம் மாடியில்
எங்கள் இருவர் ரத்தமும்
பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் சுற்றும்.

நான்கு மணி நேரம்.
ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது.
மற்ற கையில் போன்,
ஒரு காதில் ஒயர்,
இன்னொரு காது அலாரத்துக்கு.

முதல் நாள் நான் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அழுதே தண்ணிய எறக்கிடலாம்னு பாக்கிறியாம்மா?
இதைப் பாரு" என்றார்.
நாலு பையன்கள், ஒரு ஓட்டை வேன்,
மழை விடாத ஏதோ ஊர்.
இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது.
மீதியை டிரம்ஸ் சொன்னது.

அவர் போடும் மார்க்கெல்லாம் லிஃப்ட் கணக்கு.
"இது மூணாவது மாடி வரைக்கும் நல்லா போவும்,
அப்புறம் மானேஜர் பேச ஆரம்பிப்பான், அங்கேயே நின்னுடும்."
"இந்தப் பொண்ணு குரல் இருக்கே,
கயிறு அறுந்தாலும் மேலயே நிக்கும்."
"இது வேணாம். அண்ணன் தம்பி சண்டை.
உங்க வீட்ல இல்லாததா?"

எல்லாவற்றுக்கும் ஒரே எச்சரிக்கை:
கடைசி இருபது நிமிஷம் பார்க்காதே.
ஹோட்டல் அறை வரும், ஹெலிகாப்டர் வரும்,
பழைய போட்டோ ஒன்றை
மெல்ல மெல்லக் கிட்டே கொண்டுவருவார்கள்,
நரைத்த ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார்.
கழற்றினால் நிறுத்திவிடு.

நிறுத்தினேன்.
என் போனில் யாரும் சாகவில்லை.
பதினொரு பேர்
இன்னும் மேடைக்குப் பின்னால் குனிந்து
ஷூ கயிறு கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அவருக்குச் சொன்னது கொஞ்சம்தான்.
அதற்கும் என் அளவு வேறு.
ஒருத்தன் பாட்டின் நடுவே
முழு பாட்டிலையும் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.
அரை லிட்டர்.
எனக்கு ஒரு நாளைக்கு விதித்ததில் பாதி
அவன் தோளில் வழிந்து
ஒயர்களுக்கிடையே போனது.
பின்னால் ஓட்டி ஓட்டி
மூன்று முறை பார்த்தேன்.
"தண்ணி சீன் ஜாஸ்தி, மே மாசம் பாக்காதீங்க" என்றேன்.
அன்று மே பதினொன்று.
அவர் அப்போதே பார்த்தார்.
காய்ந்த உதட்டை நக்கிக்கொண்டு
கட்டை விரலை உயர்த்தினார்.

ஜூனில் அவருக்கு முறை மாறியது.
செவ்வாய், வியாழன், சனி.
மகளுக்கு அன்றைக்குத்தான் தோதுப்படுமாம்.
நம்பர் வாங்கியிருக்கவில்லை.
நாலடி தள்ளிப் படுத்திருப்பவரிடம்
எதற்கு நம்பர்?

அவர் கட்டிலில் இப்போது ஒரு கல்லூரிப் பையன்.
கிரிக்கெட். ஒயர் இல்லாமல்.

இரண்டு வாரம் சும்மா கிடந்தேன்,
பம்ப் சுழல்வதைப் பார்த்தபடி.
அது நாலு தட்டு என்று அவர் சொல்லுவார்.
எண்ணினால் எனக்கு மூன்றும் வருகிறது.

நேற்று ஊசி குத்தி ஒட்டிய பிறகு பெனசீர்
"அந்த அண்ணன் குடுத்தாரு, சனிக்கிழமையே, மறந்துட்டேன்" என்று
கோட்டுப் பையிலிருந்து எடுத்தாள்.
வெள்ளை பிளாஸ்டர் துண்டு,
அதில் பால்பாயிண்டில்
படத்தின் பெயர். கீழே,
"ஒரு மணி நாப்பத்திரண்டு நிமிஷம்.
டிரம்ஸ்காரன். தண்ணி உண்டு.
கடைசி வரைக்கும் பாரு."

பார்த்தேன்.
மற்ற மூவரும் போய்விட்டார்கள். வேனும்.
அவன் மட்டும் எழுபத்தொரு வயதில்
ஏதோ மலையடிவாரத்தில்
தக்காளிச் செடிகளுக்குக் குழாய் பிடிக்கிறான்.
பழைய நாட்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்;
அவன் குழாய் வாயில் கட்டை விரலை வைத்து
பீய்ச்சிக்கொண்டே இருக்கிறான்.
தக்காளி எங்களுக்கு ஆகாது.
தண்ணீரும்தான்.
இருந்தும் பெயர்கள் ஓடி முடியும்வரை
கை கடுக்க போனைப் பிடித்திருந்தேன்.

பெனசீரிடம் ஒரு துண்டு பிளாஸ்டர் கேட்டு,
படுத்தவாக்கில் கோணலாக எழுதினேன்:
"மொட்டை மாடி வரைக்கும் போச்சு."
நம்பருக்கு இடம் இருந்தது.
அதில் அடுத்த படத்தின் பெயரை எழுதினேன்.